கத்திரிப்பூக் காலர்

இங்கிலாந்தில் மழை பெய்ய வேண்டும் என்று கன்னையன் மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தார். திருப்பூரில் பத்து நிமிடம் தூறினால்கூட ரோட்டில் தேங்கும் தண்ணீரைத் திட்டுகிற மனிதர். இது என்ன கேடுகெட்ட வேண்டுதல் என்று முருகனுக்கே தோன்றியிருக்கும். ஆனாலும் முருகன் காது கொடுத்தார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அந்த ஊரில் மழை. கோல்ஃப் மைதானத்தில் நின்ற ஊழியர்கள் எல்லோரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, உள்ளே போட்டிருக்கும் சட்டை துளிகூடத் தெரியாமல் நின்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் பாக்கி.

அந்தச் சட்டைகள் கன்னையன் வேலை பார்க்கும் கம்பெனியில் தைத்து அனுப்பியவை. ஐம்பது வயதைத் தாண்டிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் போட்டி அது. கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கவும், பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்லவும் ஆயிரத்துச் சொச்சம் உள்ளூர்க்காரர்கள் சம்பளமில்லாமல் வருவார்களாம். அவர்களுக்கு ஒரே மாதிரி காலர் வைத்த பனியன் சட்டை. சட்டை வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய கலருக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. கம்பெனியில் எல்லோரும் கத்திரிப்பூ என்றே சொன்னார்கள். கன்னையன் அங்கே க்யூசி இன்சார்ஜ். தையலும் அளவும் நிறமும் சரிதான் என்று பார்த்துவிட்டு, பெட்டி கட்டலாம் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

காலர் மட்டும் தனியாகப் பின்னி, தனியாகச் சாயம் போட்டு வரும். சட்டையின் உடம்புத் துணியோடு அது நிறத்தில் ஒட்டியாக வேண்டும். காலருக்குச் சாயம் போட்டது மங்கலம் ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன டையிங் யூனிட். நிறம் பார்க்க அங்கே மிஷின் கிடையாது, வீரன் இருந்தார். இரண்டு துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, “சிவப்பு ஒரு சிட்டிகை தூக்கலுங்க” என்பார். பிறகு மிஷினில் போட்டுப் பார்த்தவர்களுக்கும் அதேதான் வரும். வீரன் பார்த்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் கன்னையனே பாதி நாள் கையெழுத்துப் போடுவார்.

இந்த ஆர்டரில் கடைசி நேரத்தில் எக்ஸ்எல் அளவுக் காலர் முந்நூறு குறைந்துபோனது. வந்த அன்றைக்கே எண்ணி வாங்கியிருக்க வேண்டியவர் கன்னையன். எண்ணவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வயிறு பெருத்தவர்கள், எக்ஸ்எல்தான் அதிகம் கேட்டிருந்தார்கள். புதிதாகப் பின்னிச் சாயம் போட நான்கு நாள் ஆகும், பெட்டி போக இரண்டு நாள்தான் இருந்தது. போன வருடம் இதே போட்டிக்குத் தைத்ததில் மிச்சமான காலர்கள் ஸ்டோரில் கிடப்பது அவருக்கு நினைவு வந்தது. அதே கலர், அதே நம்பர், வேறு யூனிட்டில் போட்ட சாயம். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் பகல் வெளிச்ச பல்பு பியூஸ் போய் ஒரு வாரமாகியிருந்தது. மாலை ஆறரை மணிக்கு டியூப்லைட்டின் கீழே பிடித்துப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. தானே எடுத்துப் போய்த் தையல் லைனில் கொடுத்தார். வெயிலில் ஒரு தரம் பார்த்திருந்தால் கதையே இல்லை.

சட்டைகள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பையரிடமிருந்து மெயில் வந்தது. கூடவே நான்கு போட்டோ. புல்தரையில் விரித்து வைத்த சட்டைகளில் காலர் மட்டும் பீட்ரூட் சாயலடித்துக் கிடந்தது. மாற்ற நேரமில்லாததால் இதையே போட்டுக்கொள்வதாகவும், அடுத்த வருடம் யோசிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். முதலாளி தரணீதரன் எல்லோரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு, அப்பா காலத்து ஆட்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏனுங்ணா, நீங்க பாத்துத்தானுங்களே பாஸ் பண்ணுனீங்க?”

“பாத்தனுங்க. எனக்கு ஒண்ணாத்தானுங்க தெரிஞ்சுது. டையிங்ல...” என்றார் கன்னையன்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. மற்றவர்கள் முடித்துக்கொண்டார்கள். தரணீதரன் டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டுக் கத்தினார், அந்த யூனிட்காரர் வீரனை வீட்டுக்கு அனுப்பினார். பழைய காலரில் மிஞ்சிய ஒரு கட்டை மறுநாள் காலையில் கன்னையனே வேஸ்ட் வியாபாரியின் வண்டியில் தூக்கிப் போட்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல? பெண் கல்யாணம், வீட்டுக் கடன் என்று எந்தக் காரணமும் அவருக்கு இல்லை. இருபத்திரண்டு வருடம் தப்பே செய்யாத ஆள் என்ற பெயர் ஒன்றுதான். அதை விட மனம் வரவில்லை.

திருப்பூர் பெரிய ஊர்தான். ஆனால் சாயத் தொழிலில் நாக்கு நீளம். “வீரனுக்குக் கண்ணு போச்சாம்” என்று ஒரே வாரத்தில் எல்லா யூனிட்டிலும் பேச்சு. கன்னையன் காதுக்கே மூன்று பேர் கொண்டுவந்தார்கள். மூன்று பேரிடமும் அவர் தலையை ஆட்டி வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீரனே போன் செய்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

“அண்ணா, நாளைக்கு லீவுதானுங்களே? மத்தியானமா நம்மூட்டுக்கு வாங்க. அந்தக் கோல்ஃப் ஆட்டம் டிவில வருதுங்க, என்ற புள்ள சுபஸ்ரீ போட்டுக் குடுத்துருக்கறா. நாளைக்கு அங்க வெயிலடிக்கும்ங்கறாங்க. நம்ம சட்டையப் பாத்துரலாம். எனக்கு உங்க கண்ணு ஒருக்கா வேணுமுங்க.”

மாட்டேன் என்று சொல்ல ஒரு பொய்கூடக் கன்னையன் வாயில் வரவில்லை.

மங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. சந்துக்குள் வண்டியை நிறுத்தும்போதே வீரன் வாசலுக்கு வந்துவிட்டார். ஐம்பது வயது ஆளுக்கு ஒரே மாதத்தில் ஐந்து வயது கூடிப்போயிருந்தது. கைகளில் வழக்கமாக நகக்கண் ஓரம் நீலமோ கறுப்போ ஒட்டியிருக்கும். இன்றைக்குச் சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தத்தைப் பார்க்கக் கன்னையனுக்குச் சங்கடமாக இருந்தது.

“வாங்ணா, உக்காருங்க. அம்மிணி, அண்ணனுக்குத் தண்ணி குடு.”

வீரனின் மனைவி கண்ணம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பவர்லூமில் நூல் தார் சுற்றப் போகிறவள், அதிகம் பேச மாட்டாள். மகள் சுபஸ்ரீ காலேஜ் பரீட்சைக்குப் படிக்கத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாளாம்.

“இப்ப எங்க வேலைக்குப் போற வீரா?” என்று கன்னையன் கேட்டார். கேட்காமலும் இருக்க முடியாதே.

“பல்லடத்துப் பக்கம் ஒரு கோழிப் பண்ணைங்க. முட்டை அடுக்கறது. நல்ல சோலிங்ணா. அத்தனையும் வெள்ளை. தப்பு நடக்கறக்கு வழியே இல்லீங்.” வீரன் சிரித்தார். கண்ணம்மாள் சிரிக்கவில்லை.

“வேற யூனிட்ல யாரும் கூப்புடலையா?”

“பல்லடம் ரோட்ல ஒருத்தர் கூப்புட்டாருங்க. நாந்தான் வரலீன்னுட்டேன். கண்ணில்லாதவனுக்குக் கலர் பாக்கற வேலை எதுக்குங்க? இன்னொருத்தர் ஆர்டரையும் கெடுத்துப் போட்டா அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய்த் தொலைக்கறது? கோயமுத்தூர்ல கண்ணாசுபத்திரிக்கும் போனனுங்க. டாக்டரு நெம்பரு படிக்கச் சொன்னாரு, படிச்சேன். கண்ணு நல்லா இருக்குதுன்னாரு. அவருக்கு என்னங்க தெரியும், கலர் பாக்கறது வேற.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் கத்திரிப்பூ நிறத் துணி ஒன்று, அதோடு குண்டூசி குத்திய காலர் துண்டு ஒன்று. ஒவ்வொரு லாட்டிலும் சாயக்காரர்கள் வெட்டி வைத்துக்கொள்கிற சாம்பிள்.

“இது அன்னிக்கு நான் வெட்டி வெச்சதுங்க. தெனமும் காலைல வெயில்ல புடிச்சுப் பாக்கறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது. இன்னிக்கும் ஒண்ணாத்தான் தெரியுது. அங்க இருக்கறவங்க அத்தனை பேருக்கும் வேற வேறயாத் தெரியுது, போட்டோலயும் வேறயா இருக்குது. அப்ப எது கெட்டுப்போச்சுங்க? துணியா, என்ற கண்ணா?”

துணியைக் கன்னையன் கையில் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் ஒன்றேதான். ஒரு சிட்டிகை வித்தியாசம் இல்லை. வீரன் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். அதை வீரன் தன் மேலுள்ள பரிதாபம் என்று எடுத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

டிவியில் அந்த ஊர்க் காலை. திரும்பவும் மழை வரக்கூடும் என்று ஆட்டத்தைச் சீக்கிரமே தொடங்கியிருந்தார்கள். மேகம் கவிந்து கிடந்தது, மழைக்கோட்டுகள் அப்படியே இருந்தன. கன்னையனுக்கு மூச்சு வந்தது.

மைதானம் என்றால் வழித்து விட்ட பச்சைப் புல்தரை என்றுதான் அவர் நினைத்திருந்தார். இது வேறு மாதிரி இருந்தது. மணல் பாய்ந்த மேட்டு நிலம், நடுவில் ஓடை மாதிரி வளைந்து போகும் கொஞ்சம் புல், இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்துக்குக் கட்டைக் கட்டையான புதர். அந்தப் புதர் முழுக்கப் பூத்திருந்தது. கத்திரிப்பூ நிறம். போன வருடம் எட்டு தரம் சாம்பிள் அனுப்பி எட்டு தரமும் திருப்பி வாங்கிய கலர் எங்கிருந்து வந்தது என்று கன்னையனுக்கு இப்போதுதான் விளங்கியது.

“அதுக்குள்ளாற பந்து விழுந்துதுன்னா சோலி முடிஞ்சுதுங்ணா,” என்றார் வீரன். மூன்று நாளில் ஆட்டம் மொத்தமும் அவருக்குப் பிடிபட்டிருந்தது. “வேரு இரும்பாட்டப் புடிச்சுக்கும். அடிச்சா மட்டை சிக்கிக்கும், பந்து அங்கயே கெடக்கும். பாக்கறக்குத்தான் பூ.”

ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் பெயர் வைத்திருந்தார். பெல்ட்டுக்கு மேலே தொப்பை வழிகிறவர் மில் மேனேஜர். அடித்துவிட்டு மட்டையைக் கோபித்துக்கொள்கிறவர் மாப்பிள்ளை. முன்னால் நிற்கிறவருக்கு அறுபத்தோரு வயது, முழங்காலில் பட்டை கட்டி நொண்டி நொண்டி நடந்தார், அவர் அப்புச்சி. இந்த அப்புச்சி பதினெட்டு வருடமாக எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை என்று சுபஸ்ரீ போனில் பார்த்துச் சொன்னாளாம். மூன்று நாள் மழையிலும் எல்லோருக்கும் மேலே இருந்தார். குறைந்த அடியில் முடிக்கிறவர்தான் ஜெயிப்பார், மாப்பிள்ளை அவரைவிட ஒரே ஒரு அடி கூட.

“இன்னிக்கு அப்புச்சி வாங்கோணுமுங்க. இந்த முட்டியோட அடுத்த வருசம் வருவாரான்னு தெரியாது.”

கன்னையன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது குழியில் அது கலையத் தொடங்கியது. பன்னிரண்டில் வெயில் பளிச்சென்று விழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் மழைக்கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார், அடுத்தவர் கழற்றினார், வரிசையாக எல்லோரும் கழற்றினார்கள்.

வீரன் எழுந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றார். கையில் அந்தத் துணித் துண்டு. திரையில் ஒரு பருத்த மனிதர் ‘பேசாதீர்கள்’ என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தைச் சுற்றிக் காலர் பீட்ரூட்டாக இருந்தது. டிவியிலும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. திருப்பூரில் நிறம் தெரிந்த ஒரு குழந்தைகூடக் காட்டிக் கொடுத்துவிடும்.

“எப்புடித் தெரியுதுங்ணா?”

“டிவில எங்க வீரா தெரியுது? அவன் கலரக் கூட்டிக் குறைச்சு வெச்சிருப்பான்.”

“இல்லீங், உள்ளதச் சொல்லுங்க.”

“தெரியலப்பா,” என்றார் கன்னையன். வந்து இரண்டு மணி நேரம் ஆகியும் அவருக்கு வந்தது இந்தப் பொய் ஒன்றுதான்.

கண்ணம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

பதினாறாவது குழியில் அப்புச்சியின் பந்து புதருக்குள் போய் விழுந்தது. இன்னும் அந்த ஒரு அடிதான் முன்னால் இருந்தார். நொண்டிக்கொண்டே போய், பூச்செடிகளுக்குள் காலை அகட்டி நின்று, குனிந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் மெதுவாக வைத்தார். வைத்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார். பிறகு கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டார்.

“என்னாச்சு?” என்றார் கன்னையன்.

டிவியில் வர்ணனை பேசுகிறவர்களுக்கும் புரியவில்லை போலிருந்தது. ரெஃப்ரி ஒரு சின்ன வண்டியில் வந்தார். அப்புச்சி செடியைக் காட்டினார், விரலால் ஒரு அங்குலம் அளந்து காட்டினார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் போட்டார்கள். பூவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வீரன்தான் திரையின் கீழே வந்த எழுத்தைக் கூட்டிப் படித்து முதலில் பிடித்தார்.

“மட்டை செடியில பட்டுப் பந்து அசைஞ்சு போச்சுங்களாமா. அதுக்கு ஒரு அடி தண்டனையுங்க. எவனும் பாக்கலீங்ணா. கேமராவுக்கே தெரியல. இவராக் கூப்புட்டுச் சொல்றாரு.”

அந்த ஒரு அடியில் முன்னிலை போனது. பதினெட்டாவது குழியில் மாப்பிள்ளை தூரத்திலிருந்தே பந்தை உருட்டி உள்ளே விட்டார். அப்புச்சி ஒரே அடியில் தோற்றார். தொப்பியைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டம் ஜெயித்தவரைவிட அவருக்குத்தான் அதிகம் கை தட்டியது. அவர் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை.

“பதினெட்டு வருசம்,” என்று வீரன் தலையை ஆட்டினார். “சொல்லாம உட்ருந்தா யாருக்குங்க தெரியும்? என்ன மனுசனுங்க.”

கன்னையன் டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ தரையில் சிந்தியது. இப்போது சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லப்போவதில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“வீரா, உன்ற கண்ணுல ஒண்ணுமில்ல. தப்பு என்ற மேல.”

வீரன் திரும்பிப் பார்த்தார்.

“எக்ஸ்எல் காலர் முந்நூறு கொறஞ்சு போச்சு. நான் எண்ணி வாங்கல. போன வருசத்துக் காலர் ஸ்டோர்ல கெடந்துது, அதய எடுத்து வெச்சுத் தெச்சுட்டேன். பல்பு இல்லாம டியூப்லைட்ல பாத்தேன். நீ போட்ட சாயம் சுத்தமா இருந்துது. போட்டோ வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லல.”

வீரன் முகத்தில் எதுவோ ஒன்று எழும்பி வந்தது. ஒரு கணம் அந்தப் பழைய வீரன், துணியைப் பிடித்துத் தலையைச் சாய்க்கிற வீரன், வந்துவிட்டார் என்றுகூடக் கன்னையனுக்குத் தோன்றியது. பிறகு அது அடங்கிவிட்டது. வீரன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கன்னையனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, நீங்க நல்ல மனுசனுங்க. எனக்காகச் சொல்றீங்கன்னு தெரியாதுங்களா? அந்த அப்புச்சியப் பாத்துப்போட்டு நீங்களும் உங்க மேல ஒண்ணு போட்டுக்கறீங்க.”

“இல்ல வீரா, சத்தியமா.”

“அப்புடீன்னா அன்னிக்கே சொல்லியிருப்பீங்களே. இருபது வருசமா உங்களத் தெரியாதுங்களா எனக்கு? என்ற வேலை போறத நீங்க பாத்துட்டுச் சும்மா இருப்பீங்களாக்கும்.”

கன்னையன் மேல் வீரனுக்கு இருந்த மரியாதைதான் குறுக்கே நின்றது. மிஞ்சிய காலர்க் கட்டைக் கொண்டுவந்து காட்டலாம் என்றால் அதையும் வேஸ்ட் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. திரையில் பரிசு கொடுக்கிற இடத்தைக் காட்டினார்கள். கத்திரிப்பூச் சட்டைகள் இரண்டு வரிசையாக நின்றன, பளீர் வெயில் அத்தனை பேர் மேலும் விழுந்தது. கன்னையன் துள்ளி எழுந்து டிவியிடம் போனார்.

“இங்க பாரு. இந்தக் குண்டன் போட்டிருக்கறது எக்ஸ்எல். காலர் செவப்படிக்குது பாரு. பக்கத்துல இந்த ஒல்லி அம்மா, அது மீடியம். அந்தக் காலர் உன்றது. சட்டையோட அப்புடியே ஒட்டிக் கெடக்குது. இந்தாளும் குண்டு, செவப்பு. இந்தப் பையன் ஒல்லி, சரியா இருக்குது. தப்பா இருக்கறது அத்தனையும் குண்டு ஆளுக. ஒல்லி ஆளுக அத்தனையும் நீ போட்டது. நல்லாப் பாரு வீரா, ரெண்டு சாயம்.”

வீரன் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு காலராக, பொறுமையாகப் பார்த்தார். கேமரா நகர்ந்து போகும்வரை பார்த்தார்.

“ஆமாங்க,” என்றார். “ரெண்டு சாயமாட்டத்தான் தெரியுது.”

“பாத்தியா? அப்பறம் என்ன?”

“இப்ப நீங்க சொன்னதுக்கப்பறம் தெரியுதுங்க. சித்தெ முன்னால நீங்க தெரியலீன்னீங்க, அப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல. போட்டோவக் காட்டி வேறன்னாங்க, வேறயாத் தெரிஞ்சுது. ஊட்டுக்கு வந்து என்ற துணியப் பாத்தா ஒண்ணாத் தெரியுது. யாரு என்ன சொல்றாங்களோ அது தெரியுதுங்ணா. கண்ணு போறதுங்கறது வேறென்னங்க?”

துணித் துண்டைக் கவருக்குள் திரும்பப் போட்டார். டிவியை அணைத்தார். காலையில் ஐந்து மணிக்கே பண்ணைக்குப் போக வேண்டும், ஆனால் அண்ணன் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நாளைக்கே தரணீதரனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகக் கன்னையன் சொன்னார். வீரன் பதறிப்போனார்.

“சொல்லாதீங்ணா. என்னாலதான் ஒரு ஆர்டர் போச்சு, உங்க வேலையும் போகோணுமா? எனக்கு இதே போதுமுங்க. உங்களாட்ட ஒருத்தர் எனக்காக இப்புடிச் சொன்னதே போதும்.”

கன்னையன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று எதையோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீரன் பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்கித் தருகிறேன் என்று ஓடினார், வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப அவருக்கு மனமில்லை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது கண்ணம்மாள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு மணி நேரமாக நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டவள்.

“நீங்க சொன்னது நெசந்தானுங்களே?”

“நெசம் அம்மிணி.”

“எனக்குத் தெரியுமுங்க. டம்ளரு வெக்கறப்பவே உங்க கையப் பாத்தேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கன்னையன் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருப்பார். “வேலை போன புதுசுல இவரு தெனமும் வாசல்ல உக்காந்துட்டு, கன்னையண்ணன் வருவாரு, அவரு வந்து பாத்தா விசயம் தெரிஞ்சு போயிரும்னு சொல்லிட்டே இருந்தாருங்க. பத்து நாள் அப்புடி உக்காந்துருந்தாரு. நீங்க வரலீங். வராததுனாலதான் தன்ற கண்ணுதான் தப்புன்னு முடிவு பண்ணுனாருங்க. அன்னிக்கு வந்து சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பாரு.”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். சந்தின் முனையில் வீரன் வெற்றிலைப் பொட்டலத்தோடு வேகமாக வந்துகொண்டிருந்தார், அண்ணன் போய்விடப் போகிறாரே என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டிக்கொண்டு. அந்தப் பொட்டலத்தை வாங்காமல் போக முடியாது, வாங்கவும் முடியாது. கன்னையன் வண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.